நீர்த்தேக்கமும் கசிவும்: ஒரு வரலாற்று நோக்கு

நீரைத் தேக்கும் கலை ஈழத்தவர்க்குப் புதியதன்று. கண்டி நகரின் நடுவே விளங்கும் வாவி, வயலாயிருந்த பள்ளத்தை ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் அணையிட்டு மறித்தமையால் உருவானது. 1812ஆம் ஆண்டளவில் அது நிறைவெய்தியது. அதன் மிகைநீர் ஈற்றில் மகாவலியைச் சேர்கின்றது. அம்மகாவலியையே 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை 122 மீற்றர் உயரத்தில் மறித்து நிற்கின்றது. அளவில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு இருப்பினும், இரண்டுக்கும் பொதுவான வினா ஒன்று உண்டு: தேக்கிய நீர் தங்குமா என்பதே அது.

தேக்கிய நீர் ஆவியாதலாலும் குறையும், கசிதலாலும் குறையும். இவற்றைப் பிரித்தறிவதே ஆய்வின் முதற்படியாகும். வீட்டு நீச்சற் குளத்தின் நீர் குறையுமிடத்து, வாளியொன்றில் நீர் நிரப்பிக் குளத்தின் படியில் வைத்து, இரண்டின் மட்டங்களையும் குறித்து, மறுநாள் ஒப்பிடுவர். குறைவு சமமாயின் வெயிலே காரணம். குளத்தில் மிகுதியாயின் கசிவு உண்டு. பெருந்தேக்கத்திற்கும் தருக்கம் இதுவே. வரும் நீரிலிருந்து, திறந்துவிடும் நீர், ஆவியாகும் நீர், தேக்கத்தில் எஞ்சும் நீர் ஆகியவற்றைக் கழித்தபின் கணக்கில் வராதது கசிவாகும். ஆயினும் கசிவு உண்டென அறிதல் வேறு. அது புகும் வாயைக் காணல் வேறு.

இவ்வேறுபாட்டைச் சமனலவெவ நீர்த்தேக்கத்தின் வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது. மலைநாட்டுப் பாறைகளிடையே பளிங்குச் சுண்ணக்கற் படைகள் உள்ளன. கண்டிக்கு அணித்தான திகணையில் அக்கல் அகழப்படுகின்றது. நீரால் நெடுங்காலம் கரைக்கப்படும் இக்கல்லில் குகைகளும் பிளவுகளும் தோன்றும். பலாங்கொடைக்கு அண்மையில் வளவை கங்கையை மறித்து ஏறத்தாழ 100 மீற்றர் உயர அணை எழுப்பப்பட்டபோது, வலக்கரையில் இத்தகைய வெற்றிடங்கள் இருப்பது அறியப்பட்டது. நிலத்தைத் துளையிட்டுச் சீமெந்துக் குழம்பு செலுத்தித் திரையொன்றும் அமைக்கப்பட்டது. எனினும் 1992 ஒக்டோபர் 22ஆம் நாள், அணைக்குக் கீழேயுள்ள மலைச்சரிவைப் பிளந்துகொண்டு செக்கனுக்கு ஏறத்தாழ 7 கன மீற்றர் நீர் மண்ணோடு வெளிப்பட்டது.

நீர் வெளிப்பட்ட வாய் யாவர்க்கும் தெரிந்தது; புகுந்த வாயோ தேக்கத்தின் அடியில் மறைந்திருந்தது. இத்தகைய இடங்களில் துளைக்கிணறுகளின் நீர்மட்டத்தைத் தேக்க மட்டத்தோடு ஒப்பிடுவர். சாயமிட்டு அது வெளிப்படும் நேரத்தை அளப்பர். நீரின் வெப்பத்தையும் கரைந்துள்ள உப்புகளையும் ஆராய்வர். 1990களின் பிற்பகுதியில், புகுவாய்கள் இருக்கக்கூடுமெனக் கருதப்பட்ட அடித்தளத்தின் மீது தோணிகளிலிருந்து களிமண் பெருமளவிற் கொட்டப்பட்டது. நீரோட்டமே மண்ணை இழுத்துத் துவாரத்தை அடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. கசிவு குறைந்ததேயன்றி நிற்கவில்லை. செக்கனுக்கு 2 கன மீற்றர் கசியினும், நாளொன்றில் 1,72,800 கன மீற்றர் நீர் சுழலியைத் தொடாது கழியும்.

எனினும் அந்நீர் முற்றும் வீணாகவில்லை. அது ஆற்றைச் சேர்ந்து கீழேயுள்ள கல்தொட்டை வயல்களுக்குப் பயன்படுகின்றது. மின்னாக்கத்திற்கு இழப்பாயமைந்தது உழவர்க்கு ஆதாரமாயிற்று. ஆதலால் கசிவை முற்றாக அடைப்பதெனினும், உழவரின் நீருக்கு வேறு வழி காணுதல் வேண்டும். நீரைத் தேக்குமுன் நிலத்தை ஐயமற அறிதலின் இன்றியமையாமையை இவ்வரலாறு வலியுறுத்துகின்றது. நீர் நிரம்பியபின் அவ்வாய்வைச் செய்தல் பன்மடங்கு அரிது.