காவலும் அச்சமும்



மனிதன் சக மனிதனுக்கு அஞ்சியே அரசை ஏற்படுத்திக்கொண்டான் என்று 1651-இல் எழுதினார் தாமஸ் ஹாப்ஸ். உள்நாட்டுப் போரைக் கண்ட ஆங்கிலேயர், வேறெப்படி எழுதுவார்! காவல் கொடுப்பவர் நம்பிக்கையைக் கெடுத்தால் மக்கள் அவரை விலக்கலாம் என்றார் அவருக்குப் பின் வந்த ஜான் லாக்.

இது நம் திண்டுக்கல் சீமையிலேயே நடந்திருக்கிறது. அக்காலத்தில் ஊர்க் காவல்காரருக்கு விளைச்சலில் ஒரு பங்கு உண்டு. மாடு களவுபோனால் அவர் மீட்டுத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். நாளடைவில், காவல்கூலி தராதவன் வீட்டு மாடுதான் காணாமல் போகிறது என்று குடியானவர்கள் குமுறினார்கள். 1896-இல் ஊர் ஊராகக் கூடிப் பணம் போட்டு ‘ஃபண்டு’ சேர்த்தார்கள். இனி எங்களுக்கு நாங்களே காவல் என்றார்கள். அதுவரை நியாயம்தான்.

ஆனால் காவல்காரரை மட்டும் விலக்கவில்லை. அவருடைய சாதியார் எல்லாரையும், களவறியாத குடும்பங்களையும் சேர்த்தே ஊரைவிட்டு விரட்டினார்கள். வீடுகள் எரிந்தன. அந்தச் சாதியின் பெயரை இங்கே நான் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொல்லித்தானே அன்று தீ வைத்தார்கள். ஊர் கூடிச் செய்த அந்த ஒப்பந்தத்துக்கு அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.