காப்பிக்கு முன்னால்: ஏற்காட்டு வரலாற்றை வாசித்தல்

ஏற்காட்டைப் பற்றிய எந்தச் சுற்றுலாக் கையேட்டைப் பிரித்தாலும் முதல் பத்தியிலேயே ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் வந்து நிற்கிறார். பெயர் எம்.டி. காக்பர்ன். 1820களில் சேலம் ஜில்லாவின் கலெக்டர், சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து ஊன்றியவர், ஆகவே 'ஏற்காட்டின் தந்தை'. அடுத்த பத்தியில் ஏரி, அதற்கடுத்து கிளியூர் அருவி, கடைசியில் 'மணம் கமழும் காப்பித் தோட்டங்கள்'. இந்த வரிசை மாறுவதே இல்லை. ஒரு மலைக்குத் தந்தை என்று ஒருவரைச் சொல்லிவிட்டால், அவருக்கு முன்பே அங்கே பிறந்து செத்தவர்கள் யாருடைய பிள்ளைகள்? இந்தக் கேள்வியோடு போன கார்த்திகையில் சேலத்தில் பஸ் ஏறினேன்.

கேள்வி புத்தகத்திலிருந்து வந்ததல்ல. என் அம்மாயி மலையடிவாரத்துக்காரி. பருவத்துக்குப் பருவம் மேலே போய்த் தங்கி காப்பிப் பழம் பறித்தவள். எம்.ஏ. படிக்கும்போது விடுதிக் காப்பியின் பெருமையை அவளிடம் அளந்திருக்கிறேன். அப்போது அவள் சொன்னது: "ஏங் கண்ணு, பழம் பறிக்கையில காப்பி வாசம் எங்க வரும்? பச்சை வாசந்தான் அடிக்கும். வறுத்தாத்தான காப்பி." அவள் சொன்னது முழு உண்மை. செடியில் பூக்கும்போது மல்லிகை போல ஒரு வாசம் உண்டு. அது நாலு நாளில் போய்விடும். பழுத்ததைப் பறித்து, தோலுரித்து, ஊறவைத்து வழவழப்பைக் கழுவி, காயவைத்து மூட்டை கட்டும்வரை நாம் 'காப்பி மணம்' என்று சொல்வது அதில் கிடையாது. அது வறுக்கிற இடத்தில்தான் பிறக்கிறது. அந்த இடம் மலைக்கு வெகு தூரத்தில் இருக்கிறது.

நம் காப்பி வரலாறும் அந்த மணத்தைப் போலத்தான். அது தம்ளரிலிருந்து தொடங்குகிறது. காப்பி எப்படித் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாயிற்று என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அது குடிப்பவர்களின் வரலாறு, தேவையான வரலாறு. தேயிலைக்கோ நம் மொழியில் வேறொரு மரபு இருக்கிறது. 'துன்பக் கேணி' இருக்கிறது, பி.எச். டேனியலின் 'ரெட் டீ' தமிழில் 'எரியும் பனிக்காடு' ஆகியிருக்கிறது, மலையகத்தின் நாட்டார் பாடல்கள் இருக்கின்றன. தேயிலை என்றதும் நமக்குக் கூலியின் முதுகு நினைவுக்கு வருகிறது. காப்பி என்றதும் பித்தளை டபரா. இந்த வேறுபாடு இயல்பானதல்ல. ஒன்றை உழைப்பாகவும் இன்னொன்றை ருசியாகவும் பிரித்துவைத்தது ஒரு சொல்லாடல். அதற்குள் நின்றுகொண்டுதான் நாம் 'காப்பி மணக்கும் ஏற்காடு' என்கிறோம்.

2

காக்பர்ன் காப்பியை ஊன்றிய நிலம் யாருடையது?

சேர்வராயனில் வாழ்பவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். மலையை ஆள்பவர் என்று பெயரிலேயே பொருள் இருக்கிறது. பெயருக்கும் நிலைமைக்கும் இருக்கிற தூரத்தை என்னவென்று சொல்ல. அவர்களிடம் ஒரு வழிக்கதை உண்டு. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும் அது பதிவாகியிருக்கிறது. காஞ்சியிலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்களாம். பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்களாம். வேறுவேறு சாதிப் பெண்களைக் கட்டினார்களாம்.

'அப்படியென்றால் இவர்களும் வந்தவர்கள்தானே' என்று இதை வைத்து வாதாட முடியும். ஆனால் இரண்டு வருகைக் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். அண்ணன் தம்பி கதையில் வந்தவர்களுக்கு மற்றவர்களோடு உறவு இருக்கிறது, கலப்பு இருக்கிறது. கலெக்டர் கதையில் எதிரில் ஆளே இல்லை. காலி மலையில் ஒரு தனி மனிதன் செடி வைக்கிறான். காலியாக இருந்த மலை அல்ல அது, காலியாக்கப்பட்ட மலை.

காலியாக்கியது துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு சொல்லும்தான்: 'தரிசு'. மலையில் இரண்டு வகைக் காடு உண்டு. ஏர் பூட்டி உழுவது உழவுகாடு. சரிவில் மண்வெட்டியால் கொத்தி சாமையோ கேழ்வரகோ விதைப்பது கொத்துக்காடு. கொத்துக்காட்டைச் சில ஆண்டுகள் விதைத்துவிட்டுச் சில ஆண்டுகள் சும்மா விட வேண்டும், மண் தேற வேண்டும். விட்டுவைத்த நிலம் கைவிட்ட நிலமல்ல. ஆனால் ஆண்டுதோறும் வரி எதிர்பார்க்கிற வருவாய்த்துறையின் கண்ணுக்கு, இந்த ஆண்டு விதைக்காத நிலம் தரிசு. தரிசு என்றால் சர்க்காருடையது. சர்க்காருடையது என்றால் கேட்கிற துரைக்குக் கொடுக்கலாம். உழவின் ஒரு பருவம் கணக்கேட்டில் உரிமையின்மையாக மாறியது இப்படித்தான். இதில் சதி எதுவும் தேவைப்படவில்லை, ஒரு வகைப்பாடு போதுமானதாக இருந்தது.

துரைகள் போன பிறகு? 1961ஆம் ஆண்டு தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் காப்பி, தேயிலை போன்ற தோட்ட நிலங்களுக்கு விலக்களித்தது. கீழே நெல் வயலுக்கு உச்சவரம்பு, மேலே எஸ்டேட்டுக்கு இல்லை. காலனியம் எழுதிய வாக்கியத்துக்கு நம் சட்டமன்றம் முற்றுப்புள்ளி வைக்காமல் காற்புள்ளி வைத்தது.

3

ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் அடக்கமாகியிருக்கிறார். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்தவர், 1912இல் இறந்தார். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் 1882இல் இந்த மலையில்தான் இறந்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர், 1855இல் 'தினவர்த்தமானி' நடத்தியவர், ஆயிரக்கணக்கில் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். எம்.ஏ. வகுப்பில் பெர்சிவலைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதியிருக்கிறேன். அவர் கண்மூடியது அம்மாயி பழம் பறித்த மலையில் என்று யாரும் சொல்லவில்லை. நம் தமிழ்த்துறைப் படிப்பில் பிரதி உண்டு, இடம் கிடையாது.

இருவரும் மோசமானவர்கள் அல்ல, நமக்கு நிறையச் செய்தவர்கள். அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சேர்வராயனில் கிடைத்த மெருகேற்றிய கற்கோடரிகளை மலையாளிகள் பிள்ளையார் கோவில்களில் வைத்துக் கும்பிட்டுவந்ததை அக்காலத்து ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். ஃபூட் பல இடங்களிலிருந்தும் திரட்டிய தொகுப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. மண்ணில் கிடைத்த பழைய கல்லை 'இது நமக்கு முந்தினவங்களோடது' என்ற பயத்தோடும் மரியாதையோடும் சாமியிடம் சேர்ப்பது ஒரு வரலாற்றுணர்வு. எண் போட்டுக் கண்ணாடிக்குள் வைப்பது இன்னொன்று. இரண்டாவதை 'வரலாறு' என்றோம், முதலாவதை 'நம்பிக்கை' என்றோம். இப்படிப் பிரிக்கிற அதிகாரம் யாருக்கு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டதில்லை.

4

மழைக்குப் பின் போனதால் கிளியூர் அருவியில் தண்ணீர் இருந்தது. ஏரி நிரம்பி வழிகிற நீர்தான் ஓடிவந்து இங்கே சுமார் 300 அடி விழுகிறது. மே மாதக் கோடை விழாவுக்கு ஊரே திரண்டு வரும்போது பெரும்பாலும் பாறைதான் இருக்கும். படியிறங்கி நின்றபோது புதுமைப்பித்தன் நினைவுக்கு வந்தார். 'துன்பக் கேணி'யில் வாசவன்பட்டிப் பெண் போய்ச் சேர்கிற இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் பெயர் 'வாட்டர் பாலம்'. துரை அருவியைப் பார்த்து வைத்த பெயர் கூலியின் வாயில் அப்படி ஆகியிருக்க வேண்டும் என்றே நான் வாசிக்கிறேன். சேர்வராயனில் காப்பி வந்த அதே 1820களில்தான் கண்டிச் சீமையிலும் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1869இல் அங்கே தென்பட்ட இலைத்துரு நோய் காப்பியை அழித்த பிறகே அது தேயிலை நாடாயிற்று. அந்தக் கோப்பிக் காலத்தில் மன்னார்க் காட்டுவழியாக நடந்து செத்தவர்களில் சேலம் ஜில்லாக்காரர்களும் உண்டு. 2023இல் மலையக மக்கள் அந்த வழியைத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மறுபடி நடந்து நினைவுகூர்ந்தார்கள். இங்கே நாம் நினைவுகூர்வது கலெக்டரை.

திரும்பும் வழியில் ஒரு மலைக் கிராமத்தில் வாசலில் காப்பி காய்ந்துகொண்டிருந்தது. இன்று மலையாளிகளில் பலர் தங்கள் துண்டு நிலத்தில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறார்கள். ஆக, காப்பிச் செடி எதிரியல்ல. கிளறிக்கொண்டிருந்த அம்மாவிடம் வீட்டில் காப்பி குடிப்பீர்களா என்று கேட்டேன். "இது விக்கறதுக்குங்க சார். நாங்க டீத்தண்ணிதான்" என்றார். நிலத்துக்குப் பட்டா இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கால அட்டவணை இருக்கிறது. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. 2008இல் வந்த நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் வழங்குவது முடங்கியது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ஏற்காடு, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. வாக்குச்சீட்டில் மலையை ஆள்பவர், நில ஆவணத்தில் தரிசில் இருப்பவர்.

வன உரிமைச் சட்டத்தின்படி கோரிக்கையை முதலில் கேட்க வேண்டியது கிராம சபை. முதியோர் வாய்மொழியும் அங்கே சான்றாக ஏற்கப்படும். ஆகவே இந்த வரலாறு வெறும் கௌரவப் பிரச்சனை அல்ல. பெரியண்ணன் கதை, பிள்ளையார் கோவில் கற்கள், கொத்துக்காடுகளின் பெயர்கள், எந்தச் சரிவில் யாருடைய பாட்டன் விதைத்தான் என்ற நினைவு, எல்லாம் சான்றுகள். எழுதுகிறவர்களாகிய நாம் அவற்றைக் கேட்டு எழுதித்தருகிற வேலையைச் செய்யலாம். கையேட்டின் முதல் பத்தியை மாற்றுவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அம்மாயி இப்போது இல்லை. எந்த எஸ்டேட்டில் பறித்தாள் என்று நான் கேட்டுவைக்கவில்லை.