நடிகை என்னும் சொல்

நடிகை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவரில் பலருக்கு இரு வேறு எண்ணங்கள் எழுகின்றன. அரங்கிலே அவளைக் கண்டால் கைகொட்டி மகிழ்வர்; தம் வீட்டுப் பெண்ணே நடிக்க விரும்பினாலோ முகஞ் சுளிப்பர். குவீன்ஸ்டவுனின் அடுக்கு வீடுகளிலும் தேக்காவின் கடைத்தெருவிலும் இவ்வழக்கு இன்றும் நம் காதில் விழுகிறது. படிப்பும் பட்டமும் பெருகியும் இம்மயக்கம் தீர்ந்தபாடில்லை. ஆதலின் டி. பி. ராஜலக்ஷ்மி அம்மையாரின் வரலாற்றை ஈண்டு நினைவூட்ட விரும்புகிறோம்.

அம்மையார் 1911-ம் வருஷம் திருவையாற்றில், சாஸ்திரியார் ஒருவரின் மகளாகப் பிறந்தார். விளையாடும் பருவத்திலேயே மணம் முடித்து வைத்தனர். அம்மணம் நிலைக்கவில்லை. அத்தகைய பெண்ணுக்கு அன்றைய சமூகம் விட்டுவைத்த வழி யாது? வீட்டின் மூலையில் ஒடுங்கிக் கிடப்பதொன்றே. அவரோ திருச்சிக்கு வந்து நாடக மேடை ஏறினார்.

பெண் வேடத்தையும் ஆண்களே பூண்ட காலம் அது. மேடை ஏறிய மாதர் சிலரையும் ஊரார் இழிவாகவே பேசினர். பாட்டைக் கேட்கப் பணம் கொடுப்பார்கள். பாடியவளுக்கு மதிப்பு மட்டும் கொடுக்கமாட்டார்கள்! அத்தகைய காலத்தில் ஓர் இளம்பெண் தன் குரலையும் திறமையையுமே துணையாகக் கொண்டு நின்றாள் என்பது சிறிய செய்தியன்று.

1931-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் 'காளிதாஸ்' வெளிவந்தது. எச். எம். ரெட்டி இயக்கிய அப்படமே தமிழ் கேட்ட முதல் பேசும் படம். கதாநாயகி நம் அம்மையார். அவர் தமிழிலே பேச, கதாநாயகன் தெலுங்கிலே பேசினான். கதை காளிதாசனுடையதாயினும், காந்தியாரின் இராட்டினத்தைப் போற்றும் பாட்டொன்றையும் அவர் அதிலே பாடினார். மக்கள் அவரைச் 'சினிமா ராணி' என்று கொண்டாடினர்.

ராணிப் பட்டத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பிறர் எழுதியதைப் பேசுவதே பெண்ணின் வேலை என்றிருந்த நாளில், தாமே ஒரு நாவல் எழுதினார்; அதனையே 1936-ம் வருஷம் 'மிஸ் கமலா' என்ற படமாக்கித் தாமே இயக்கி நடித்தார். தென்னாட்டில் படம் இயக்கிய முதல் பெண்மணி அவரே. மூலையில் ஒடுங்க வேண்டியவள் என்று ஊர் விதித்த பெண், பலருக்கு வேலை கொடுத்து, கட்டளையிடும் இடத்தில் அமர்ந்தாள். அறிவுக்கு ஆண் பெண் என்ற பேதமில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? ஆனால் 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. பெண்ணின் உழைப்பை மட்டுமல்ல, அதன் தடயத்தையும் காவாது விட்டோம்!

அம்மையார் 1964-ம் வருஷம் காலமானார். அதற்கு முந்திய வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூரில் டெலிவிஷன் தொடங்கிற்று. நான்கு மொழிகளில் தமிழும் இடம்பெற்றது. சென்னைக்கு அச்சாதனம் வந்தது 1975-ல்தான். முடிசூட்டு விழாவின் நினைவாக 1953-ல் பெயர் பெற்ற நம் குவீன்ஸ்டவுனில் அன்று புதுவீடுகள் எழுந்துகொண்டிருந்தன. சமூக நிலையங்களில் மக்கள் கூடி அமர்ந்து அப்பெட்டியைக் கண்டனர். மேடைக்கு வந்தவளை இழித்த சமூகத்தின் நடுவீட்டிற்கே நடிகை வந்து சேரும் காலம் அவ்வாறு பிறந்தது.

வீட்டிற்குள் வந்தவளுக்கு உள்ளத்தில் இடமளித்தோமா? நடிக்க விரும்பும் மகளிடம், "உனக்கேன் இது?" என்று கேட்கும் பெற்றோர், மகனிடம் அவ்வாறு கேட்கிறார்களா? கலை உயர்ந்ததாயின் அதைச் செய்பவளும் உயர்ந்தவளே. அவள் இழிந்தவளாயின் அதைப் பார்த்து மகிழும் நாம் யார்? இக்கேள்விக்கு நேர்மையாக விடை காண்பதே அம்மையாருக்கு நாம் செலுத்தும் கடன்.