கோலார் சயனைடு மேடுகள்

எங்கள் பூலாம்பாடிக்காரர்கள் பிழைக்க மலேசியா போனார்கள். வட ஆர்க்காட்டுத் தமிழர்கள் பலர் போனது கோலார் தங்கவயலுக்கு. பணி ஓய்வுக்குப் பின் ஒருமுறை அங்கே போயிருந்தேன். 2001 பிப்ரவரி 28-ல் மூடிய சுரங்கம். குன்றுகளாய் நிற்பவை சயனைடு மேடுகள்: பாறையை அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய தூள். 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன்.

அதிலும் தங்கம் மிச்சமுண்டு. எவ்வளவு என்றறிய மேட்டைப் பல இடங்களில் துளையிட்டு, ஆழம் வாரியாக மண் எடுப்பார்கள். மிருதாரசிங்கி சேர்த்து உருக்கினால், ஈயம் தங்கத்தை இழுத்துக்கொள்ளும். புடமிட்டு ஈயத்தைப் போக்கி, மிஞ்சும் ஊசிமுனைத் துளியை நிறுப்பார்கள். டன்னுக்கு ஒரு கிராம் தேறினாலே பெரிது.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. அந்தத் தூசியைத் தலைமுறையாகச் சுவாசித்தவர்களின் பிள்ளைகளுக்கே முதல் வேலை கிடைக்க வேண்டும்.