கேல் நகரத்துக் கோயில்

பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் மாகாணத்தில் கேல் என்றோர் ஊர் உண்டு. சித்தம் கலங்கியவர்களைச் சங்கிலியால் பிணித்து இருட்டறையில் அடைப்பதே ஐரோப்பாவில் பலவிடத்தும் வழக்கமாயிருந்த காலத்தில், இவ்வூரார் அவர்களைத் தம் வீட்டு உணவு மேசையில் உடன் அமர்த்திக்கொண்டார்கள். இதற்கு மூலம் ஒரு கோயில்.

அயர்லாந்து அரசகுமாரி டிம்ப்னாவின் கதையை நேயர்கள் சிலர் கேட்டிருக்கலாம். மனைவியை இழந்து மதி மயங்கிய மன்னன், தாயின் சாயலைக் கொண்டிருந்த மகளையே மணக்க விழைந்தானாம். அவள் கடல் கடந்து ஓடினாள். அவன் தொடர்ந்து வந்து, கேலில் அவளைக் கொன்றான். இது ஏழாம் நூற்றாண்டு நிகழ்ச்சி என்பர். ஏட்டில் ஏறியதோ பதின்மூன்றாம் நூற்றாண்டில்! ஆதலின் கதையைச் சரித்திரம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அதனை நம்பி வந்தவர்களின் கூட்டம் சரித்திரமே. பித்தனான தந்தையால் மாண்டவள், பித்தருக்குப் பரிந்து பேசுவாள் என்று அவர்கள் எண்ணினார்கள்.

1349-ஆம் ஆண்டில் அவள் பெயரால் கோயில் எழும்பத் தொடங்கியது. பின்னர் அதனை ஒட்டி ஒரு நோயாளர் இல்லமும் அமைந்தது. அங்கே ஒன்பது நாள் தங்கி நவநாள் வழிபாடு செய்வர். புனிதையின் திருப்பண்டங்களின் கீழே தவழ்ந்து செல்வர். இடம் போதாமற் போனபோது, வந்தவர்களை ஊரார் தம் வீடுகளில் ஏற்றனர்.

ஒன்பது நாள் கழிந்தும் தெளியாதவர் என்ன ஆனார்? இக்கேள்விதான் என்னை இவ்வரலாற்றின்பால் ஈர்த்தது. நோய் நீங்காதவரைக் கோயில் கைவிடவில்லை. ஏற்ற வீடுகளிலேயே அவர்கள் தங்கிவிட்டனர். பசுவை மேய்த்தார்கள், குழந்தையைத் தாலாட்டினார்கள். எல்லாம் கருணையே என்பதற்கில்லை. வீட்டார் பணம் பெற்றதுண்டு. வயலுக்கு ஆள் கிடைத்ததும் உண்டு. முரண்டியவர் சிலருக்குக் கால்விலங்கு பூட்டியதும் உண்டு. எனினும், விலங்கோடு திரிந்தவனும் தெருவில்தான் திரிந்தான்.

1850-இல் பெல்ஜிய அரசாங்கம் இந்த ஏற்பாட்டைத் தன் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டு மருத்துவர்களை அமர்த்தியது. 1862-இல் ஒரு சிறு மருத்துவமனை எழுந்தது. 1938-இல் இவ்வாறு வீடுகளில் வாழ்ந்தவர் 3,700-க்கும் மேற்பட்டோர். பின்னர் மருந்துகள் பெருகின, குடும்பங்கள் சுருங்கின. எண்ணிக்கையும் சில நூறாகத் தேய்ந்தது. 2023-இல் யுனெஸ்கோ இதனைப் பேணத்தக்க முன்மாதிரி மரபாகப் பதிவு செய்தது.

அவ்வூரார் இவர்களை நோயாளர் என்று அழைப்பதில்லை. ‘உடன் தங்குபவர்’ என்றே குறிப்பர். முதியவள் இறந்தால், வீட்டோடு அவரும் மகளின் பொறுப்பில் வந்துவிடுவார்.