கல்வி உரிமைச் சட்டம் (இந்தியா)

6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகிலுள்ள பள்ளியில் கட்டணமின்றி எட்டாம் வகுப்பு வரை படிக்கும் உரிமையை அளிப்பது, 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. இதற்கு முன் நூறாண்டுக்கும் மேலாக நடந்த விவாதம் பெரும்பாலும் மூன்று கேள்விகளைச் சுற்றியே அமைந்தது: செலவை ஏற்பவர் யார்? பெற்றோரைக் கட்டாயப்படுத்தலாமா? ஏழைக் குழந்தையும் வசதியுள்ள குழந்தையும் ஒரே வகுப்பில் அமர வேண்டுமா?

ஆங்கிலேயர் ஆட்சிக்காலம்

1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் ஜோதிராவ் புலே மனு அளித்தார். உழவர்களின் வரிப்பணம் மேல்தட்டினரின் உயர்கல்விக்குப் போகிறது என்பது அவரது குற்றச்சாட்டு. 12 வயது வரையிலாவது தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும் அவர் கேட்டார். பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் 1893இல் அம்ரேலி வட்டத்தில் கட்டாயக் கல்வியைச் சோதித்துப் பார்த்தார். 1906இல் அதைத் தமது சமஸ்தானம் முழுவதற்கும் விரிவாக்கினார்.

1911 மார்ச்சில் கோபால கிருஷ்ண கோகலே மத்தியச் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அது மிக அடக்கமானது. 6 முதல் 10 வயது வரையுள்ள சிறுவர்களை மட்டுமே முதலில் கட்டாயத்துக்குள் கொண்டுவந்தது. ஏற்கெனவே கணிசமான பிள்ளைகள் பள்ளிக்கு வரும் இடங்களில், உள்ளாட்சி அமைப்பு விரும்பினால்தான் அதுவும் பொருந்தும். மாதம் 10 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பாதிக்கும் பெற்றோருக்குக் கட்டணம் கிடையாது. அப்படியும், பணமில்லை, மக்கள் இதற்கு இன்னும் தயாராகவில்லை என்று அரசுத் தரப்பு எதிர்த்தது. 1912 மார்ச்சில் மசோதா 13க்கு 38 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. அதன் கருத்து தோற்கவில்லை. விட்டல்பாய் படேலின் முயற்சியால் பம்பாய் மாகாணம் 1918இலும், சென்னை மாகாணம் 1920இலும் தொடக்கக் கல்விச் சட்டங்களை இயற்றின. கட்டாயமாக்குவது உள்ளாட்சிகளின் விருப்பத்துக்கே விடப்பட்டதால் பயன் குறைவாகவே இருந்தது.

அரசியலமைப்பு விவாதம்

அரசியல் நிர்ணய சபையின் அடிப்படை உரிமைகள் துணைக்குழு, கல்வியை முதலில் அடிப்படை உரிமைகளின் பட்டியலிலேயே சேர்த்திருந்தது. 1947 ஏப்ரலில் ஆலோசனைக் குழு இதைப் பரிசீலித்தபோது, அரசிடம் பணமில்லாமல் போனால் நீதிமன்றம் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியை எம். ரத்னசாமி எழுப்பினார். கல்வி, நீதிமன்றம் வழியாகக் கேட்டுப் பெற முடியாத நெறிமுறைக் கோட்பாடுகளின் பகுதிக்கு மாற்றப்பட்டது. 1948 நவம்பரில் லட்சுமி காந்த மைத்ராவின் திருத்தத்தால், குடிமகனுக்கு இலவசக் கல்வி பெற உரிமை உண்டு என்ற தொடரும் நீங்கியது. வயது வரம்பைக் குறைக்கும் யோசனையை அம்பேத்கர் ஏற்கவில்லை. 14 வயதுக்குட்பட்டோரை ஆலை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று தடுத்துவிட்டால், அந்த வயது வரை பிள்ளை பள்ளியில்தானே இருக்க வேண்டும் என்பது அவரது வாதம். இவ்வாறு உருவான 45ஆம் பிரிவு, பத்தாண்டுக்குள் 14 வயது வரை அனைவருக்கும் கல்வி அளிக்க அரசு முயலும் என்றது. கெடு 1960இல் முடிந்தது, இலக்கு எட்டப்படவில்லை.

நெறிமுறையிலிருந்து உரிமைக்கு

1964–66 கோத்தாரி குழு, எல்லாப் பிரிவுக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் பொதுப்பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. அது செயலுக்கு வரவில்லை. திருப்பம் நீதிமன்றத்தில் வந்தது. உன்னிகிருஷ்ணன் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம், 14 வயது வரை கல்வி பெறுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. 2002இல் 86ஆவது திருத்தம் 21அ பிரிவைச் சேர்த்து அதை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டோர் இதில் விடுபட்டதைக் கல்வியாளர்கள் பலர் கண்டித்தனர். இந்த உரிமையைச் செயல்படுத்தும் சட்டத்தின் வரைவுகள் ஆண்டுக்கணக்கில் கைமாறின. மசோதா மாநிலங்களவையில் 2009 ஜூலை 20இலும், மக்களவையில் ஆகஸ்ட் 4இலும் நிறைவேறியது.

சட்டமும் சர்ச்சைகளும்

நன்கொடை, நுழைவுத் தேர்வு, உடல் தண்டனை ஆகியவற்றைச் சட்டம் தடைசெய்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும்.

அதிகம் சர்ச்சைக்குள்ளானது 12(1)(சி) பிரிவு. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை அரசு வரையறுத்த அளவில் ஈடுசெய்யும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவான பெற்றோர் இதில் விண்ணப்பிக்கலாம்; இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடக்கும். தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் 2–1 என்ற பெரும்பான்மையில் இப்பிரிவை ஏற்றது. 2014இல் பிரமதி வழக்கின் தீர்ப்பு, சிறுபான்மையினர் பள்ளிகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்கு அளித்தது. அரசுப் பள்ளியை வலுப்படுத்தாமல் பிள்ளைகளைத் தனியாரிடம் அனுப்பும் ஏற்பாடே இந்த 25 விழுக்காட்டு ஒதுக்கீடு என்ற விமர்சனமும் உண்டு.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்ற விதி 2019இல் தளர்ந்தது. ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு நடத்தி நிறுத்திவைக்கும் அதிகாரம் அரசுகளுக்குக் கிடைத்தது. தமிழ்நாடு அவ்வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் 2020இல் கைவிட்டது.

சமச்சீர் கல்வி

ஏழைக் குழந்தையும் வசதியுள்ள குழந்தையும் சேர்ந்து படிப்பது பற்றிய மூன்றாம் கேள்விக்குத் தமிழ்நாடு வேறொரு வழியில் விடை தேடியது. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் என்ற நான்கு பாடத்திட்டங்களுக்கும் பொதுவான ஒன்றை 2010ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டம் ஏற்படுத்தியது. ஆட்சி மாறியதும் 2011இல் அதைத் தள்ளிப்போடத் திருத்தம் வந்தது. பள்ளி திறந்தும் பாடநூல் எதுவென்று தெரியாமல் மாணவர்கள் காத்திருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 9இல் உச்ச நீதிமன்றம் சமச்சீர் பாடத்திட்டத்தையே நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. பாடநூல் பொதுவானது, கட்டணமும் வசதிகளும் பள்ளிக்குப் பள்ளி வேறாகவே நீடிக்கின்றன.