கண்டியில் ஒரு கடல் தொட்டி: முருகைக்கல்லுக்கு வெளிச்சம் கொடுத்த கதை



திருகோணமலைக்குச் சுற்றுலா போய்வந்த நம்மவர் வீடுகளில் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தால், வெள்ளையாக ஒரு முருகைக்கல் துண்டு இருக்கும். எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்திலும் ஒன்று இருக்கிறது. யார் கொண்டுவந்தது, எப்போது கொண்டுவந்தது என்று யாருக்கும் தெரியாது. போன தவணையில் தரம் 8 பிள்ளை ஒருவர் அதைக் கையில் எடுத்து, "சேர், இத உயிரோட வளர்க்க ஏலாதா? லைட் போட்டு தொட்டியில வளர்க்கிறாங்களே" என்று கேட்டார். அதே வாரம் நண்பர் ஒருவர், கடல்நீர்த் தொட்டி வைக்கப் போவதாகச் சொல்லி, எந்த விளக்கு வாங்கலாம் என்று விசாரித்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு தெளிவு. ஸூரா அர்ரஹ்மானில் முத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மர்ஜான் என்ற சொல்லைப் பலரும் பவளம் என்றே மொழிபெயர்க்கிறார்கள். நகையில் பதிக்கும் சிவப்புப் பவளம் மங்கிய ஒளியில், குகை ஓரங்களில் வாழ்வது. அதற்கு வெளிச்சம் உணவல்ல. நம் கரையோரத்தில் பாறை கட்டும் முருகை வேறு. அதன் உடலுக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை ஒளித்தொகுப்புச் செய்து தயாரிக்கும் உணவில் பெரும்பங்கை முருகைக்குக் கொடுக்கின்றன. முருகை அவற்றுக்கு இருப்பிடமும் போசணையும் கொடுக்கிறது. ஆகவே தொட்டிக்கு மேலே தொங்கும் விளக்கு அலங்காரம் அல்ல, அது சாப்பாடு.

கடலுக்கடியில் வெளிச்சம் எப்படி இருக்கும் என்பதை முதன்முதலில் நேரில் கண்டு வரைந்தவர்களில் ஒருவர் நம் நாட்டில்தான் அதைச் செய்தார். ஒஸ்திரியப் பிரபுவான இயூஜின் வொன் ரன்சோனே 1864-65 காலத்தில் இலங்கை வந்தார். கண்ணாடி பதித்த இரும்பு மணிக்கூண்டு ஒன்றுக்குள் இருந்தபடி காலிக் கடலில் இறங்கி, முருகைகளைப் பார்த்து வரைந்தார். அந்தப் படங்கள் 1867இல் வெளிவந்த அவரது இலங்கை பற்றிய நூலில் உள்ளன. சூரிய ஒளியின் சிவப்பு நிறத்தை முதல் சில மீற்றர்களிலேயே நீர் உறிஞ்சிவிடுகிறது. நீலம்தான் ஆழம் வரை போகிறது. பின்னாளில் வந்த விளக்குகளெல்லாம் இந்த நீலத்தைப் பிடிக்கத்தான் முயன்றன.

ஒளிக்கும் முருகையின் உணவுக்கும் உள்ள தொடர்பை அறிஞர்களே உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 1928-29இல் பிரித்தானியரான மொரிஸ் யங் தலைமையில் ஒரு குழு அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைத்தொடரில் தங்கி ஆய்வு செய்தது. முருகைகளை ஒளி புகாத பெட்டியில் அடைத்தார்கள். அல்காக்கள் வெளியேறின, ஆனால் இரை கொடுத்தபோது முருகைகள் சாகவில்லை. எனவே அல்கா தரும் உணவு முக்கியமல்ல என்று யங் முடிவு செய்தார். 1958இல் கதிரியக்கக் காபனைப் பயன்படுத்தி, முருகையின் உறவான கடல் அனிமனியில் செய்த ஆய்வு அந்த முடிவை ஆட்டம் காணச் செய்தது. அல்கா தயாரித்த உணவு விலங்கின் உடலுக்குள் போவது தெரியவந்தது. பெரிய அறிஞரும் தவறலாம், சோதனைதான் திருத்தும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வீட்டுத் தொட்டியில் முருகை வளர்த்துக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961இல் அமெரிக்க மீன் வளர்ப்புச் சஞ்சிகை ஒன்றில் தன் முறையை எழுதினார். உயிருள்ள கடற்பாறை, காற்றுக் குமிழி, சூரிய ஒளி, இவ்வளவுதான். ஜகார்த்தா மத்திய கோட்டுக்குத் தெற்கே 6 பாகையில், கண்டி வடக்கே 7 பாகையில். நமக்கும் அதே வெயில்தான். விளக்கு தேவைப்பட்டது வெயில் இல்லாத ஐரோப்பாவுக்கு.

அங்கே முதலில் சாதாரண டியூப் லைட்டுகளைப் போட்டார்கள். மென்மையான முருகைகள் தாக்குப்பிடித்தன, கல் கட்டும் இனங்கள் பெரும்பாலும் மெலிந்து போயின. 1970களின் இறுதியிலும் 80களிலும் ஜேர்மனியர் மெட்டல் ஹேலைட் விளக்குகளைத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டார்கள். சூரியனைப் போல ஒரு புள்ளியிலிருந்து பாயும் வலுவான ஒளி அது. கல் முருகைகள் வளரத் தொடங்கின. பிறகு மெல்லிய, பிரகாசமான டி5 குழாய்கள் வந்தன. அவை தொட்டி முழுவதும் நிழலில்லாமல் ஒளியைப் பரப்பின. 1993இல் ஜப்பானில் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்.ஈ.டி.யை உருவாக்கினார். அதற்கு வழி திறந்த அகசாகி, அமானோ ஆகியோருடன் 2014இல் அவருக்கு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. காலிக் கடலில் ரன்சோனே கண்ட நீலம் இப்போது ஒரு சிறிய சில்லுக்குள் வந்துவிட்டது.

இனி நம் ஊர்க் கணக்கு. இரண்டடித் தொட்டி, நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 30 நாள் என்று வைப்போம். 150 வாற்று மெட்டல் ஹேலைட் மாதம் 45 அலகு எடுக்கும். 24 வாற்று டி5 குழாய் நான்கு என்றால் சுமார் 29 அலகு. 50 வாற்று எல்.ஈ.டி. 15 அலகு. அலகு கூடக் கூட கட்டண வீதமும் படிப்படியாக ஏறும் என்பது நம் பில்லைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். முதல் இரண்டு வகையிலும் ஏறத்தாழ வருடத்துக்கு ஒருமுறை விளக்கை மாற்ற வேண்டும். குழாய்களில் பாதரசம் இருப்பதால் பொது வெளிச்சத்துக்கான குழாய் விளக்குகளை 2027க்குள் நிறுத்த மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் தீர்மானித்துள்ளன. யன்னல் வெயில் இலவசம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது வராது. வரும் நாளில் சிறிய தொட்டியைச் சூடாக்கிவிடும்.

எனவே கண்டிக்கு எல்.ஈ.டி.தான் பொருத்தம். நீலம் கூடிய விளக்காக வாங்குங்கள், நேரக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்துங்கள், குறைந்த பிரகாசத்தில் தொடங்கிச் சில வாரங்களில் மெதுவாகக் கூட்டுங்கள். முதல் நாளே முழு வெளிச்சம் கொடுத்தால் முருகை வெளிறிவிடும். மின்வெட்டையும் மறக்க வேண்டாம். 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். ஒரு நாள் விளக்கு எரியாவிட்டால் முருகை தாங்கும். நீரை ஓட்டும் பம்ப் பல மணி நேரம் நின்றால் ஒட்சிசன் குறைந்து தொட்டியே செத்துவிடும். விளக்குக்கு முன் பம்புக்கு ஒரு பற்றரி வாங்க வேண்டும்.

சூட்டைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1998இல் இந்து சமுத்திரம் வழக்கத்தைவிடச் சூடானது. ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்துப் பார் ரீஃபிலும் ஆழமற்ற நீரிலிருந்த முருகைகள் பெருமளவில் வெளிறிச் செத்தன. மேலே சூரியன் அதே சூரியன்தான். நீர் சூடானதும் முருகை தன் அல்காக்களை வெளியே விட்டுவிட்டது. திருகோணமலைப் பக்கம் அந்த முறை பெரும்பாலும் தப்பியது. நாம் சுற்றுலா போய்த் துண்டு பொறுக்கி வருவது அந்தத் தப்பிய இடத்திலிருந்துதான்.

நண்பருக்குக் கடைசியாக ஒன்று. விளக்கின் விலையைக் கேட்கும் முன், முருகை எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புச் சூளைக்காக முருகைக்கல்லை வெட்டி வெட்டியே கரை அரித்தது. அதனால்தான் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு அந்த அகழ்வு தடை செய்யப்பட்டது. கல் முருகைகள் நம் நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்தது என்றாலும் சைட்டிஸ் பத்திரம் வேண்டும். பத்திரம் காட்ட முடியாதவரிடம் வாங்க வேண்டாம். அப்படிக் கிடைக்காவிட்டால் அதே எல்.ஈ.டி.யின் கீழ் நன்னீர்ச் செடி வளர்க்கலாம், அதுவும் ஒளித்தொகுப்புத்தான்.

அந்தப் பிள்ளையிடம், "வளர்க்க ஏலும், ஆனா இதை ஏலாது, இது எப்பவோ மௌத்தாகிட்டு" என்றோம். சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, மெதுவாக மேசையில் வைத்தார். இப்போது அந்தத் துண்டுக்குக் கீழே மாணவர்கள் எழுதிய ஒரு சிட்டை இருக்கிறது: "இது கல் அல்ல. ஒரு காலத்தில் வெளிச்சம் சாப்பிட்ட உயிர்களின் வீடு." அடுத்த முறை புறாமலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது நீருக்குள் பார்க்கும் கண்ணாடிகளைக் கொண்டுபோவோம். திரும்பும்போது ஒரு துண்டும் கொண்டுவர மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.